மேற்குச் சரிவுக்கு யார் சாட்சி

பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஊர்க்கூட்டம் முடிந்தபோது ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது. அந்த ஒன்றரையிலும் ஊர்ப் பெயர், பஞ்சாயத்து, தாலுக்கா, ஜில்லா என்று கால் பக்கம் போய்விடும்.

இதைச் சொல்லும்போது நான் வருத்தப்பட வேண்டும். முறைப்படி அப்படித்தான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அட்டப்பாடியின் அந்தப் புளியமரத்தடியில் எனக்கு வந்த உற்சாகம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதைத் தைரியமாக எழுதலாம். நான் எழுதும் எதையும் என் மனைவி படிப்பதில்லை என்பது எங்களுக்குள் இருபத்து நான்கு வருட ஒப்பந்தம்.

நான் கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சிறு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். அட்டப்பாடி அகளியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண், நல்ல கையெழுத்து உள்ள, சனிக்கிழமைகளில் வேலை இல்லாத தமிழாள் ஒருவர் வேண்டும் என்று தேடியிருக்கிறார். இரண்டாவது தகுதியில் நான் முதல் வகுப்பு. யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் இருளர். பக்கத்து ஊரில் பிறந்தவர், முப்பது முப்பத்தைந்து வயது, எம்.ஏ. படித்தவர். ‘ஆய்வாளர்’ என்று நான் கூப்பிட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். “ஆராயறதுக்கு நாங்க என்ன பூச்சியா சார்? வேலை செய்யறவள்னு சொல்லுங்க போதும்.”

வேலை இதுதான். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. தேன், கிழங்கு, விளக்குமாற்றுப் புல், ஆடு மாடு, பழைய சாமைக் காடு என்று அந்த ஊரின் பாதி வாழ்க்கை அதன்மேல்தான். அங்கே ஊருக்குப் பொதுவான உரிமை உண்டு என்று பதிவு செய்ய மனு கொடுக்க வேண்டும். மனுவுக்கு ஆதாரம் வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஊர் மூத்தவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்து கொடுத்தால் அதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த எழுத்துதான் என் பங்கு. மூத்தவர்களின் பேச்சு தமிழுக்குப் பக்கத்தில் இருப்பது. நேரே மலையாளத்தில் எழுதினால் தங்கள் வாயில் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். அதனால் முதலில் தமிழ் எழுத்தில் நான், பிறகு அதற்கு மலையாளத்தில் அவர்.

இதற்கு முன்பு ஒருமுறை மனு போயிருக்கிறது. அதில் கிழக்குச் சரிவு இருந்தது, மேல்முகடு இருந்தது, மேற்குச் சரிவு இல்லை. எழுத வந்தவர் அந்தப் பக்கம் போகவில்லை, யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். குறைகளோடு மனு திரும்பி வந்துவிட்டது. மேற்குச் சரிவில் விதைத்த குடும்பங்களில் மூத்தவர், அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா, முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“போன தடவை என் பக்கத்தை விட்டுட்டாங்க வாத்தியாரே. இந்தத் தடவையும் விட்டா, என் புள்ளைங்க அங்க ஒரு கிழங்கு தோண்ட யார்கிட்டயோ போய்க் கைகட்டி நிக்கணும். விட்டுடாத.”

அங்கே எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள். முதல் அரைமணி நேரம் எனக்குள் இருந்த வாத்தியார் கொஞ்சம் முனகினார். பிறகு பழகிவிட்டது.

வேலை செய்யறவள் மூன்று விதிகள் சொன்னார். நோட்டு ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது. அங்கன்வாடி அலமாரியில் இருக்கும், சாவி மூப்பனிடம். எழுதியதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். யார் எதை அடிக்கச் சொன்னாலும் அடிக்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஸ்டாஃப் மீட்டிங்குகளில் இருபது வருடப் பயிற்சி.

பிறகு நான்கு சனிக்கிழமைகள். ஆனைகட்டி வழியாக பஸ். புளியமரத்தடியில் எனக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர். எதிரே மூப்பன்.

அந்த ஊரின் தலைவர் அவர். எழுபது வயது. நான் சந்தித்த மனிதர்களிலேயே பிரமாதமான பேச்சுக்காரர். யானை வந்த கதையைச் சொன்னால் நாம் காலைத் தூக்கி உட்கார்ந்துகொள்வோம். ஒரு கேள்வி கேட்டால் நாற்பது நிமிடம். கிழக்கு, மேற்கு, முகடு, ஊற்று, பாறை, தேன்மரம் எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுதினேன். பால் விடாத கட்டன் சாயா வந்தது. குடித்தேன், எழுதினேன். மேற்குச் சரிவு அம்மா அவ்வப்போது அந்தப் பக்கமாக விறகோடு போவார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். என் உழைப்பைப் பார்த்து மலைத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். நோட்டு வெளியே போகக்கூடாது என்றுதானே விதி? நோட்டின் பக்கங்களை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்தேன். இலக்கியம் படித்தவன் கையில் இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் சும்மா விடுவானா?

ஊர்க்கூட்டம். நாற்பது பேர் இருப்பார்கள். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“கதிரவன் தன் பொற்கரங்களால் மலையன்னையின் திருமுகத்தை வருடும் வேளையில்...”

“இரு இரு,” என்றார் மேற்குச் சரிவு அம்மா. “யாரு அவ?”

“யாருங்கம்மா?”

“அதான், மலையன்னை. எந்த ஊருக்காரி?”

“அது... மலைதானுங்க.”

“மலைன்னா மலைன்னு எழுது. நாளைக்கு ஆபீசர் வந்து அவளைக் கூப்பிடுன்னா நான் எங்க போய்த் தேடறது?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அவர் விடவில்லை. “வெயில் எப்ப அவ மூஞ்சியைத் தடவுச்சு? மூப்பன் சொன்னானா?” மூப்பன் அவசரமாகக் கையை ஆட்டி, “நான் சொல்லலப்பா, நான் சொல்லல,” என்றார்.

வேலை செய்யறவள் சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பத்தியை அடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“சார், இவ்வளவையும் எங்க வச்சு எழுதினீங்க?”

“வீட்டுல.”

“நோட்டு இங்கதானே இருந்துச்சு?”

மாணவர்கள் பிட் அடித்து மாட்டும்போது எப்படி விழிப்பார்களோ அப்படியே விழித்தேன் என்பது எனக்கே தெரிந்தது. போட்டோ கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். நாற்பது பேர் பார்க்க ஒவ்வொரு படமாக அழித்தார். என் மச்சானோடு நான் எடுத்த ஒரு செல்ஃபியும் அந்த வேகத்தில் போனது.

தொடர்ந்து படித்தேன். கிழக்குச் சரிவு வந்தது. அங்கங்கே தலையாட்டல், அங்கங்கே ஒரு சிவப்புக் கோடு. பிறகு மேற்குச் சரிவு. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். அடடா, உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். குரலில் இன்னும் கொஞ்சம் உணர்ச்சி சேர்த்தேன்.

அம்மா எழுந்தார். என்னைப் பார்த்து அல்ல, மூப்பனைப் பார்த்து.

“மூப்பா. மேற்கால நீ எப்ப வெதச்சே?”

மூப்பன் தலையைச் சொறிந்தார். “நான் எங்க வெதச்சேன்?”

“பின்ன?”

“வாத்தியார் கேட்டாரு. சேரைப் போட்டு உக்காந்துட்டு மனுசன் ஆசையாக் கேக்கறாரு. சொல்லாம எப்படி இருக்கறது?”

இப்போது வந்த சிரிப்பு முன்னதைவிடப் பெரியது. மூப்பனும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. வேலை செய்யறவள்தான் விளக்கினார். இந்த ஊரில் கதை யாரும் சொல்லலாம், எந்தச் சரிவைப் பற்றியும் சொல்லலாம், அதற்குத் தடையே இல்லை. ஆனால் சாட்சி என்று வந்தால், தான் விதைத்த மண்ணுக்குத்தான் ஒருவர் பேசுவார். மற்றவர் விதைத்த இடத்துக்கு வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் மற்றவர் மண்ணை எடுத்துக்கொண்ட மாதிரி. மூப்பன் எனக்குச் சொன்னது கதை. நான் அதைச் சாட்சி என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“நாலு வாரமா ஒருத்தர்கிட்டயே கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே!” என்றேன்.

“யார்கிட்ட கேக்கணும்னு நீ கேக்கவே இல்லையே,” என்றார் அம்மா. “நான் தினமும் விறகோட உன் முன்னாடிதான் போனேன்.”

நல்ல பேச்சுக்காரரைக் கண்டால் அங்கேயே சேர் போட்டு உட்கார்ந்துவிடுவது எழுதுகிறவர்களுக்கென்றே உள்ள வியாதி. அதில் எனக்கு மூட்டு வலியும் துணை.

சிவப்புப் பேனா ஓடியது. பக்கம் பக்கமாக ஓடியது. மூப்பன் தானே உழுது விதைத்த கிழக்குச் சரிவு மட்டும் நின்றது. ஒன்றரைப் பக்கம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. என் எழுத்தை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்குக் கேட்டது இதுவரை நடந்ததில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் வெட்டுவார்கள், இடம் போதாததால். இவர்கள் வெட்டியது உண்மை போதாததால். ஐம்பத்து இரண்டு வயதில் முதன்முதலாக எனக்கு எடிட்டர்கள் கிடைத்திருக்கிறார்கள், அதுவும் மொத்தமாக நாற்பது பேர்!

அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். மேற்குச் சரிவும் முகடும் மறுபடி எழுதியாக வேண்டும்.

“நாளன்னைக்குக் காலையில வா,” என்றார் அம்மா. “சேர் கொண்டுவராத.”

பள்ளிக்கூடத்துக்கு லீவ் எழுதினேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்க, மாடிப்படி ஏறவே நடுவுல நின்னு மூச்சு வாங்கறீங்க. மலை ஏறப் போறீங்களாக்கும்?” என்றாள் மனைவி. ஆனால் பரணிலிருந்து ஷூவை எடுத்துத் தந்ததும் அவள்தான். மூணாற்றுக்குப் பக்கத்தில் சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருக்கும் அவள் அண்ணனைப் பார்க்கப் போனபோது மலையில் நடப்பதற்கென்று வாங்கிய ஷூ. அங்கே நான் நடந்தது ஜீப்பிலிருந்து சாப்பாட்டு மேசைவரை. ஷூ புத்தம் புதிதாகவே இருந்தது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் அம்மா, கையில் அரிவாள். அடுத்து அவர் மருமகள், பிறகு வேலை செய்யறவள், நோட்டோடு. கடைசியில், நல்ல இடைவெளி விட்டு, நான்.

“வாத்தியாரே, உசிரு இருக்கா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“இருக்குதுங்கம்மா.”

“அதையும் நோட்டுல எழுதிக்க.”

வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டாலும் சொல்லவில்லை. அந்த இடம் வந்ததும் நிற்பார். சுற்றிப் பார்ப்பார். காலடியில் ஒரு செடியைப் பிடுங்கிப் போடுவார். உட்காருவார். பிறகுதான் பேச்சு. நான் எழுதி, அங்கேயே நின்று, அவருக்குத் திருப்பிப் படிக்க வேண்டும்.

முதல் இடம் ஒரு காவல் மரம். பன்றி விரட்டப் பரண் கட்டிய ஆலமரம். எழுதினேன், படித்தேன்.

“நான் இவ்வளவா சொன்னேன்?”

“கொஞ்சம் கோத்து எழுதினேனுங்க.”

“நீ என்ன பூவா கட்டற? சொன்னதை எழுது.”

அடித்தேன். மறுபடி எழுதினேன். ‘இந்த மரத்தில் நானும் என் அக்காவும் பரண் கட்டினோம். மூன்று வருடம் காவல் இருந்தோம்.’ அவ்வளவுதான். படித்துப் பார்த்தால் என்னுடைய பொற்கரங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை இந்த இரண்டு வாக்கியம் செய்துகொண்டிருந்தது.

ஏறும்போது ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். இப்போது கேள்வி கேட்கும் முறை அவருடையதாகிவிட்டது.

“உனக்கு நிலம் இருக்கா?”

“தாத்தா காலத்து நிலம் கொஞ்சம் இருக்குதுங்க.”

“நீ வெதச்சிருக்கியா?”

“இல்லைங்க.”

“அறுத்திருக்கியா?”

“அதுவும் இல்லைங்க.”

“அப்ப அதைப் பத்தி யார்கிட்டயும் பேசாத,” என்று தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் தந்தார். அந்த நிலத்தைப் பற்றி நான் ஏற்கெனவே மூன்று கட்டுரை எழுதிப் பிரசுரமும் ஆகியிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் வந்தது. பார்த்தால் வெறும் உண்ணிச்செடிப் புதர், ஆள் உயரம், முள்ளும் பூவுமாக. அம்மா ஓரத்தில் நின்று காலால் தட்டிப் பார்த்தார். இரண்டடி நகர்ந்து மறுபடி தட்டினார். பிறகு குனிந்து அரிவாளை வீசினார். நாலைந்து செடி சாய்ந்தது. கீழே கல். நல்ல அகலமான, தட்டையான பாறை. மருமகள் மண்ணைக் கையால் ஒதுக்கினாள். குழி தெரிந்தது. வழுவழுவென்று, ஒரு சின்னச் சட்டி அளவுக்கு. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது.

“இது எங்கம்மாவுக்கு. அது சின்னம்மாவுக்கு.” அவர் மூன்றாவது குழிக்குள் கையை வைத்தார். “இது எனக்கு. சாமை குத்துனது இங்கதான்.”

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, மரியாதையான வார்த்தையாக இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேலை செய்யறவளும் கத்தினார். இத்தனை நாள் அமைதியாகவே பார்த்த அந்தப் பெண் டேப்பை எடுத்துக்கொண்டு பாறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். போனில் இடத்தைக் குறித்தார். சரிதானா என்று மறுபடி குறித்தார். “அத்தே, இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?” என்றார்.

“வீட்டுல உக்காந்து சொன்னா நீ பாறைன்னு எழுதுவே. இங்க வந்தாத்தானே கை வைக்க முடியும்?”

என் மூட்டு வலியை நான் முழுசாக மறந்துபோய், புதரைச் சுற்றி இரண்டு முறை ஓடியிருக்கிறேன் என்பதை மறுநாள் காலை மூட்டுதான் ஞாபகப்படுத்தியது.

‘இந்தக் குழி என் அம்மாவுக்கு, அது சின்னம்மாவுக்கு, இது எனக்கு. சாமை குத்தியது இங்கேதான்.’ ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. திருப்பிப் படித்தேன். அம்மா கேட்டார். “ம்,” என்றார். அந்த ஒற்றை ‘ம்’முக்காக நான் இன்னொரு மலை ஏறுவேன்.

அங்கிருந்து ஊற்றுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம். அம்மா செருப்பைக் கழற்றினார். அரிவாளை ஒரு கல்மேல் வைத்தார். எங்களை இடது பக்கமாகச் சுற்றி வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அவர் மட்டும் நேரே போனார்.

அவர் திரும்பி வந்ததும், “அம்மா, அங்க என்னங்க?” என்று கேட்டேன். பேனா தயாராக இருந்தது.

“நோட்டை மூடு.”

மூடினேன். அங்கே என்ன இருக்கிறது என்பதை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது என்பது முதல் காரணம். அன்று முழுக்க என் விரல்கள் அரித்தன என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்யறவள் வரைபடத்தில் அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டார்.

மேல்முகட்டுக்கு ஒரு பெரியவர் கூட்டிப்போனார். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசுகிறவர். அதில் ஒன்று, ஊற்று எந்த மாசத்திலும் வற்றாது என்பது. பங்குனியில் வற்றும் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்குள் இருந்த வாத்தியார் உடனே இரண்டையும் ஒட்டவைக்கத் துடித்தார்.

“ரெண்டும் இருக்கட்டும்,” என்றார் அம்மா. “ஊத்துக்கு ரெண்டு கண்ணு. அவன் மேல்கண்ணுல குடிக்கறான், நான் கீழ்க்கண்ணுல குடிக்கறேன். நீ எதுக்கு நடுவுல வர்றே?”

இரண்டாவது ஊர்க்கூட்டத்தில் நான் பஸ் கண்டக்டர் ஸ்டாப் சொல்வதுபோலப் படித்தேன். உணர்ச்சி ஒரு துளி கிடையாது. ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் பெயரில் தனித்தனியாக. சிவப்புப் பேனா இரண்டே இடத்தில் இறங்கியது. கடைசியில் எல்லோரும் கை தூக்கினார்கள்.

அதிகாரிகள் ஒரு வியாழக்கிழமை ஜீப்பில் வந்தார்கள். நான்கு பேர். தலைமை ஒரு மலையாளி அலுவலர். குடை, விளையாட்டு ஷூ, மூக்குக் கண்ணாடி, மிக மரியாதையான குரல். மனுவை வரிவரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார். வேலை செய்யறவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: “யாராச்சும் சொல்லிக் குடுத்துப் பேசறாங்களான்னு அவர் பாப்பார் சார். ஒரு ஆள் எல்லாத்துக்கும் பதில் சொன்னா அங்கேயே சந்தேகம் வந்துடும்.”

கிழக்குச் சரிவில் மூப்பன் நின்றார். கேட்டதற்கு மட்டும் பதில். எங்கே ராகி, எங்கே துவரை, எந்த வருடம் யானை தின்றது. அலுவலர் எழுதினார். எல்லைக் கல்லுக்கு வந்தோம். அதற்கப்பால் மேற்கு. அம்மா இருபதடி பின்னால், பெண்கள் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார்.

அலுவலர் கல்லின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, சாதாரணமாக, மூப்பன் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பக்கம் எந்தெல்லாம் உண்டு, என்னவெல்லாம் இருக்கு மூப்பா?”

கேள்வி கேட்டு மூப்பனிடமிருந்து நாற்பது நிமிடத்துக்குக் குறைவாகப் பதில் பெற்றவர் உலகத்தில் இல்லை. நான்கு சனிக்கிழமை நான் கேட்ட அதே கேள்வி. அன்று எனக்குச் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தால் போதும், மேற்குச் சரிவு அம்மாவின் சாட்சி ஒப்பித்த பாடமாகிவிடும். வேலை செய்யறவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

மூப்பன் வாயைத் திறந்தார். யானை, தேன்மரம், பாறை எல்லாம் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. வாயை மூடினார். சூடான கிழங்கை வாயில் போட்டுக்கொண்டவர்போல விழுங்கினார்.

“அதை அவகிட்டக் கேளு.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். சொல்றதுக்கு நான் ஆளில்ல. நான் அங்க வெதைக்கல.”

அலுவலர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து அதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார்! என் பக்கத்தில் ஒரு பெருமூச்சு வெளியே வந்தது, என் சட்டைக் கை விடுதலையானது.

அம்மா அவசரப்படாமல் முன்னால் வந்தார். “வா,” என்று அலுவலரிடம் சொன்னார். அவரும் போனார்.

காவல் மரம். கல் வரப்பு. ஒவ்வோரிடத்திலும் நின்று, செடி பிடுங்கி, பிறகு பேச்சு. அலுவலர் நடுவில் பேச முயன்று, முடியாது என்று தெரிந்துகொண்டு, செடி பிடுங்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டார். எனக்கு நாலு வாரம் ஆனது, அவருக்குப் பத்து நிமிடம். படித்த மனிதர்.

பாறை வந்தது. அம்மா குழியின் முன்னால் உட்கார்ந்து, இல்லாத உலக்கையைப் பிடித்து இரண்டு முறை குத்திக் காட்டினார். அலுவலர் குடையைக் கீழே வைத்தார். ஃபைலை வைத்தார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கை முஷ்டியைக் குழிக்குள் விட்டுத் திருப்பிப் பார்த்தார். “சர்வேயரே, அளவு எடுக்கணும்,” என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் புதரைச் சுற்றி ஓடிய அன்றைக்கு எனக்கு வந்த அதே குரல்.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் திருப்பத்தில் நின்றார்.

“இங்கே ஒரு பாகம் ஒண்ணும் எழுதாம விட்டிருக்கே?”

“ஆமா,” என்றார் அம்மா.

“எந்தா அங்கே?”

“எங்களுது.”

அவர் காத்திருந்தார். அம்மாவும் காத்திருந்தார். காத்திருக்கும் போட்டியில் அம்மாவை ஜெயிக்க அரசாங்கத்தில் ஆள் கிடையாது. வேலை செய்யறவள்தான் சொன்னார்: “எல்லைக்குள்ளதான் சார் வருது. அதைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்னு ஊர்க்கூட்டத்துல தீர்மானம் பண்ணியிருக்கோம்.” அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, ‘விவரம் தர ஊர்க்கூட்டம் விரும்பவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, யாரும் சொல்லாமலே இடது பக்கமாகச் சுற்றி நடந்தார்.

மத்தியானம் பாறையில் உட்கார்ந்தே மகஸர் எழுதினார்கள், நேரில் கண்டதற்கான பதிவு. மேற்குச் சரிவு அதில் பெயரோடு, நான்கு எல்லையோடு, மூன்று குழியோடு ஏறியது. மூப்பன் கையெழுத்துப் போட்டார். மூன்று வாக்கியப் பெரியவர் ரேகை வைத்தார். அம்மா பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, மற்ற எல்லோர் கையெழுத்தையும்விடப் பெரிதாகத் தன் பெயரை எழுதினார். கோட்டுக்கு வெளியே இரண்டு எழுத்து போனது. அலுவலர் காகிதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து இடம் கொடுத்தார்.

“இது இனி ஜில்லாக் கமிட்டிக்குப் போகணும்மா. நாள் ஆகும்.”

“மேற்கு இதுல இருக்கில்ல?”

“உண்டு.”

“படி.”

அவர் அந்த வரியைப் படித்தார். அம்மா மருமகளைப் பார்த்தார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“இந்த உண்ணிச்செடியை வெட்டலாமா?” என்றார் அம்மா, கூட வந்த வனத்துறை ஊழியரிடம்.

அவர் புதரையும் அரிவாளையும் பார்த்தார். “வெட்டுனா எங்களுக்கும் உபகாரம்தான்.”

அதற்காகவே காத்திருந்த மாதிரி பெண்கள் அரிவாளை எடுத்தார்கள். பாறையின் மேல் கோடியிலிருந்து தொடங்கினார்கள். வேர் பிடிக்காத மண், இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல வந்தது. நாலாவது குழி ஒன்று வெளியே வந்தபோது பெரும் கூச்சல். அது யாருக்கு என்று அம்மாவுக்கே தெரியவில்லை. முகட்டில் விதைத்த குடும்பத்துக் கிழவி ஒருத்தி வந்து அது தன் மாமியாருக்கு என்று சொல்ல, அது எப்படி என்று அங்கேயே ஒரு வாக்குவாதம் ஆரம்பமானது. எங்களோடு ஏறி வந்திருந்த ஜீப் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். என் பேன்ட் முட்டியில் கிழிந்தது, கையெல்லாம் கீறல், அந்தச் செடியின் நாற்றம் மூக்கைவிட்டுப் போக மூன்று நாளாயிற்று.

மூப்பன் ஒரு கட்டைச் செடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே, உண்ணிச்செடி இந்த மலைக்கு முதலில் எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை. “கேளு வாத்தியாரே,” என்றார். கேட்டேன். நோட்டு வேலை செய்யறவளின் பையில் இருந்தது, என் இரண்டு கையிலும் முள்.